மீனுக்கு முன்னால் தண்ணீர்



போன வாரம் எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. "எவ்வளவு ஆச்சு டீச்சர்?" என்று பாதிப் பேர். "கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள எதுக்கு மதினி உப்புத் தண்ணி?" என்று சொந்தக்காரர்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், நாங்களும் வைக்கலாமா என்று சிலர். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். சேர்ந்தாற்போல ரெண்டு பீரியட் கெமிஸ்ட்ரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. தொட்டி மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். மணல், கல் எல்லாம் போக எங்கள் தொட்டியில் சுமார் 160 லிட்டர். கண்ணாடியோடு சேர்த்தால் எடை 200 கிலோவைத் தாண்டும். ஆகவே டி.வி. மேசை தாங்காது, இரும்பு ஸ்டாண்ட் செய்தோம். செலவுக்கு ஒரு மாதப் பென்ஷன் போதவில்லை. அதற்குமேல் கேட்காதீர்கள், வீட்டுக்காரரும் இதைப் படிக்கிறார்.

கடல் உப்பை பாக்கெட்டில் வாங்கினேன். தூத்துக்குடிக்காரி காசு கொடுத்து உப்பு வாங்குகிறாள் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகளான உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். கடல்நீரைப் பாத்தி மாற்றி மாற்றிச் சுண்டவைக்கும்போது முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம். போமே மானியில் 25 டிகிரி வந்த பிறகுதான் சாப்பாட்டு உப்பு விளைகிறது. மிஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியம் வெளியே போய்விடுகிறது. நம் ஊர் உப்பு இத்தனையையும் கழித்து எடுத்த உப்பு. அதை மறுபடி தண்ணீரில் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் கிடைக்காது. மீன் தொட்டிக்கான உப்பில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் இருக்கும் விகிதத்தில் கலந்திருக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். எங்களுக்கு ஆறு கிலோ ஆயிற்று. கரைக்க ஆர்.ஓ. தண்ணீர். கரையோரத்துக் கடல்நீரைக் குடத்தில் கொண்டுவரலாமே என்றால், துறைமுகப் பக்கத்து எண்ணெயும் சாக்கடையும் கூடவே வரும்.

தண்ணீர் தயார். மீன் எங்கே? இங்கேதான் பாடமே ஆரம்பிக்கிறது.

மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. கடலில் அது கரைந்து காணாமல் போகும்; 160 லிட்டரில் அது மீனின் செவுளைச் சுடும். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் போதும். 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்தப் பாக்டீரியாக்களைக் கண்டறிந்தார். 31 வருஷம் நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியிருக்கிறேன். அது நடப்பதை என் வீட்டு ஹாலில் பார்த்தது இப்போதுதான்.

பழைய மாணவர் ஒருவர் தன் தொட்டி வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பீங்கான் வளையங்களை ஈரத்தோடு கொண்டுவந்து தந்தார். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டுமே, அதற்கு அம்மோனியம் குளோரைடு. ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் நெஸ்லர் கரைசல் விட்டுப் பழுப்பு வீழ்படிவு பார்த்தீர்களே, அதே நவச்சாரம்தான்.

பேத்தி ஐந்தாம் வகுப்பு முடித்து மே லீவுக்கு வந்திருந்தாள். தொட்டி வைத்ததே அவள் ஆசைக்காக. தினமும் சாயங்காலம் சோதனைக் குழாயில் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்து, நோட்டில் எழுதுவது அவள் வேலை. அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். நைட்ரைட் இருந்தால் ஊதா. மூன்றாவது வாரம் பச்சை வெளிற ஆரம்பித்தது, ஊதா ஏறியது. ஊதா இறங்கவே இல்லை. "ஆச்சி, வெறும் தண்ணிக்கு எதுக்கு லைட்டு?" என்று கேட்டாள்.

மீன் கடைக்காரர், "ரெண்டு மீனை இப்பவே விடுங்கம்மா, பழகிக்கிடும். செத்தா வேற தாரேன்" என்றார். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். பள்ளி திறக்க ஒரு வாரமே இருந்தது. குழந்தை முகத்தைப் பார்த்தால் எனக்கும் மனசு இளகியது. ஆனாலும் விஷம் என்று தன் கையாலேயே நோட்டில் எழுதிய தண்ணீரில், அவள் கண்ணெதிரே ஓர் உயிரை விட எனக்கு மனம் வரவில்லை. 31ஆம் நாள், ஒரு மீனையும் பார்க்காமல் ரயில் ஏறினாள். அன்று என்னோடு சரியாகப் பேசவில்லை.

38ஆம் நாள் ஊதா போய்விட்டது.

இடையில் இன்னொரு சோதனையும் வந்தது. தெரிந்த ஒருவர், "கடல்குதிரையும் பவளமும் ரகசியமா வாங்கித் தாரேன்" என்றார். இரண்டுமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. சட்டத்தை விடுங்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்தோம். அதில் இரண்டு இப்போது கடலுக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சுண்ணாம்பில் நம் பழைய வீடுகளும் உண்டு. எடுத்தது போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எங்கள் தொட்டியில் இருப்பது செயற்கைக் கல்லும், பண்ணையில் பொரித்த இரண்டு கோமாளி மீன்களும்தான். இந்த மீனைக் கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்திலேயே குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டும் இப்போது ஆண்தான். போகப்போகப் பெரியது பெண்ணாக மாறும். அத்தான்மார்கள் யாரும் கமெண்டில் கிண்டல் செய்ய வேண்டாம்.

தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகும். சின்ன ஃபேனை நீர்ப்பரப்பில் வீசவிட்டால் மண்பானை மாதிரி குளிரும். அப்படி ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயேதான் இருக்கும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி மெல்ல உப்பளமாகும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். வெளியூர்க் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

பேத்திக்கு வீடியோ காலில் மீன்களைக் காட்டினேன். திரையில் ஆரஞ்சு நிறம் தெரிந்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி, இன்னைக்கு நைட்ரைட் எவ்வளவு?"

பூஜ்யம் என்றேன். நோட்டில் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

எல்லாரும் நலமாக இருங்கள். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு. கண்ணாடியை மட்டும் தட்டக்கூடாது.