பியர் விழாக்களில் நான் தேடிய சுவை

இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள ஒரு சிறிய பியர் ஆலையில் 2012ஆம் ஆண்டிலிருந்து வேலை செய்து வருகிறேன். போத்தல் கழுவும் பகுதியில் தொடங்கினேன். இப்போது வெளியே அனுப்பப்படும் பீப்பாக்களை முகர்ந்தும் சுவைத்தும் தரம் பார்ப்பது என் வேலை. இதை முதன்முதலாக ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது மறுபக்கத்தில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு சின்னம்மாதான், "உனக்கு அங்கை வேறை வேலை ஒண்டும் கிடைக்கேல்லையே பிள்ளை?" என்று கேட்டார்.

இந்த இதழை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கும் அதே கேள்வி எழலாம். எழுவது நியாயம்தான். போர் தின்றுபோட்ட வீடுகளில் மிஞ்சிக் கிடந்ததையும் குடி கொண்டுபோனதை நானும் கண்டவள். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. எனது வேலையில் ஒரு பீப்பாவிலிருந்து ஒரு மிடறுக்கு மேல் உள்ளே போவதில்லை. ஆனால் அந்த ஒரு மிடற்றில்தான் என் சம்பளம் இருக்கிறது. மகளின் படிப்பும் அதில்தான் நடந்தது.

என் ஐயா சீவல் தொழிலாளி. பாளைக்கத்தியும் தளைநாருமாக விடியுமுன் போய்விடுவார். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பநீர், தடவாததில் இறங்குவது கள். அம்மா முட்டியின் வாயை முகர்ந்து பார்த்தே, "இது இண்டைக்கு விடிய இறக்கினது, இது நேற்றையான், இது இனி வினாகிரிக்குத்தான்" என்று சொல்லிவிடுவார். ஒருநாளும் பிழைத்ததில்லை. அந்த மூக்கை ஊரில் யாரும் ஓர் அறிவென்று சொன்னதுமில்லை. எந்தக் கிணற்றில் எங்களை அள்ள விட்டார்கள், எந்தக் கிணற்றடிக்கு நாங்கள் போகக்கூடாது என்பதெல்லாம் அந்தத் தொழிலோடு சேர்ந்து வந்த கதை. அதைத் தனியாக எழுத வேண்டும். 1995 இடப்பெயர்வோடு ஐயா சீவிய மரங்களும் கைவிட்டுப் போயின. பின்னர் போய்ப் பார்த்தவர்கள், பல மரங்கள் பதுங்குகுழிகளுக்குக் குற்றியாகிவிட்டன என்று சொன்னார்கள்.

ஆகவே 2014இல் ஆலையில் என்னைப் பியர் சுவைக்கும் விழாவொன்றுக்கு வரச் சொன்னபோது மனதில் ஆசை இருந்தது. சுவைப்பதற்கென்றே ஒரு விழா! செய்தவரிடம் கேட்டு, முகர்ந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லும் மனிதர்கள் கூடும் இடம் என்று அதை விளங்கிக்கொண்டேன். அம்மா உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இந்த விழாக்களுக்கு ஒரு நல்ல பின்னணியும் உண்டு. பெரிய கம்பனிகள் சிறிய ஆலைகளை வாங்கி மூடி, எங்கும் ஒரே மாதிரியான வடிகட்டிய பியரை விற்கத் தொடங்கிய காலத்தில், 1971இல் நான்கு பேர் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். காம்ரா என்று அதைச் சொல்வார்கள். பீப்பாவுக்குள்ளேயே மதுவம் உயிரோடிருந்து நொதித்து முதிரும் பழைய முறைப் பியரைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கம். அவர்களுடைய பெரிய பிரித்தானியப் பியர் விழா 1977இல் இலண்டன் அலெக்சாண்ட்ரா பலஸில் முதன்முதலாக நடந்தது. இப்போது பட்டினங்கள் தோறும் பலரும் பல விதமாக நடத்துகிறார்கள். நான் போனவை அப்படியான சிறிய விழாக்கள்.

வாசலில் நுழைவுக் கட்டணம். விழாவின் பெயர் அச்சடித்த ஒரு கிளாஸ், அதற்கும் காசு. பிறகு ரோக்கன் அட்டை. காசைக் கொடுத்து ரோக்கனை வாங்கி, ரோக்கனைக் கொடுத்துப் பியரை வாங்க வேண்டும். மூன்றிலொரு பைன்ட், அரைப் பைன்ட், முழுப் பைன்ட் என அளவுகள். மூன்றிலொன்று என்றால் ஏறக்குறைய 189 மில்லிலீற்றர். சுவைத்துப் பார்க்க அது போதும். ஆனால் அதற்காக நாற்பது நிமிடம் வரிசையில் நின்றவர் அடுத்த முறை முழுப் பைன்டாக வாங்கிவிடுகிறார். விழா தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் சுவைப்பது முடிந்து குடிப்பது ஆரம்பமாகிவிடும். யாராவது ஒருவர் கிளாஸைக் கைதவறிப் போட்டால் மண்டபம் முழுவதும் சேர்ந்து கூச்சலிட்டு ஆர்ப்பரிக்கும். அது இங்கே ஒரு வழக்கம். முதல் தடவை எனக்கு நெஞ்சு திடுக்கிட்டுப் போயிற்று. திடீர்ச் சத்தம் எங்கள் உடம்புக்கு என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அன்று நான் வேலைக்கு நிற்கவில்லை, ரிக்கற் எடுத்துப் போனவர்களில் ஒருத்தி. பட்டியலில் எண்பது பியர்கள். அவற்றில் ஆறைக் குறித்து வைத்திருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் போனபோது நான்கு முடிந்திருந்தன. ஐந்தாவது வெதுவெதுப்பாக இருந்தது. ஆறாவதில் காய்ந்த மட்டைப் பெட்டியின் மணம்.

இது யாருடைய கஞ்சத்தனத்தாலும் வருவதில்லை, தொழிலின் கணக்கு அப்படி. விழாக்களில் வைக்கும் பீப்பா பெரும்பாலும் ஒன்பது கலன், அதாவது 72 பைன்ட். நல்ல பியர் என்றால் வெள்ளிக்கிழமை இரவே காலி. உயிருள்ள மதுவத்தோடு வரும் பீப்பா ஆடாமல் அசையாமல் ஒரு நாளோ இரண்டு நாளோ படுத்திருந்து தெளிய வேண்டும். 11 முதல் 13 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். அறுநூறு பேர் மூச்சுவிடும் விளையாட்டு மண்டபத்தில் ஈரச்சாக்கும் ஐஸ் உறையும் போட்டு எவ்வளவு நேரம் குளிரைப் பிடித்து வைப்பது? குழாய் அடித்தவுடன் உள்ளே காற்றுப் போகும். மூன்றாம் நாள் சுவை விழத்தொடங்கும். பிறகு புளிக்கும். கள்ளுக்கு ஒரு நாளில் நடப்பது இதற்கு மூன்று நாளில் நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதிகமான சனம் வருவது சனிக்கிழமையில். காசு கூடக் கொடுத்தவர்களுக்குக் களைத்த பியர்.

நாக்குக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மெல்லியதில் தொடங்கி வலியதுக்குப் போக வேண்டும், இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். கடுமையாகக் கைக்கும் ஒன்றைக் குடித்துவிட்டு மென்மையான ஏல் ஒன்றைக் குடித்தால் அது பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும். அந்த மென்மையான ஏலைச் செய்தவர் அருகிலேயே நின்று, வருகிறவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்காக எத்தனையோ தடவை வருந்தியிருக்கிறேன்.

2015இலிருந்து ஆலையின் மேசையில் நானே நின்றேன். நீல மேலங்கியும் பெயர் அட்டையும் போட்டிருப்பேன். ஆனாலும் வருகிறவர்கள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பியரைப் பற்றித் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்பார்கள். எல்லோரும் கெட்டவர்கள் அல்ல, பலர் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற பையன் சேர்ந்து இரண்டு மாதம்தான், பெட்டி தூக்குபவன். அவனிடம் கேட்பார்கள். அவன் என்னைப் பார்ப்பான். நான் பதில் சொல்வேன். அவர்கள் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

2016இல் நடந்ததை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. எங்கள் மேசைக்கு அடுத்திருந்த பொது வரிசையில் ஒரு பீப்பாவிலிருந்து வினாகிரி மணம் எழுந்தது. இரண்டடி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொறுப்பாக நின்றவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கிளாஸில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வகை அப்படித்தான் இருக்கும். உங்களுக்குப் பழக்கமில்லாத சுவை" என்று சிரித்தபடி சொன்னார். ஒரு மணித்தியாலம் கழித்துத் தாடி வைத்த ஒருவர் வந்து, இது புளித்துவிட்டது என்று அதே வார்த்தையைச் சொன்னார். உடனே பீப்பாவைத் திருப்பி வைத்து, அட்டையைக் கழற்றினார்கள். அதற்கிடையில் எத்தனை பேர் அதை வாங்கிக் குடித்தார்களோ! நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் அம்மாவின் மூக்கைச் சாதி மறைத்தது. இங்கே என் மூக்கை மறைத்தது என்ன என்று அன்றிரவு பஸ்ஸில் யோசித்தபடி வந்தேன்.

பீப்பாக்களின் முன்னால் தொங்கும் அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலவற்றில் அரைகுறை உடையில் பெண்களின் படம். பெயர்களை இங்கே எழுத இயலாது. வாங்க வருபவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், ஊற்றிக் கொடுக்கும் பெண் அதைக் கேட்டுக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். 2019 ஓகஸ்ட்டில் காம்ரா தனது பெரிய விழாவில் பெண்களை இழிவுபடுத்தும் பெயரோ படமோ உள்ள பியர்களுக்கு இடமில்லை என்று அறிவித்தது. எங்கள் ஆலைப் பெண்கள் மூவர் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேக் வெட்டினோம். சிறிய ஊர் விழாக்களில் அட்டைகள் மாறுவதற்குப் பின்னும் நாள் எடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொழிலே இங்கு பெண்களின் கையில் இருந்ததுதான். ஜூடித் பெனற் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். 1300ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கிராமங்களில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மனைவியர், விதவைகள், தனித்திருந்தவர்கள். வீட்டு அடுப்பில், வீட்டுப் பானையில் காய்ச்சி, மிஞ்சியதை விற்றார்கள். ஏல் சில நாட்களில் கெட்டுவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி காய்ச்ச வேண்டியிருந்தது. அது வீட்டு வேலைகளோடு ஒத்துப்போனது. பின்னர் கடலுக்கு அப்பாலிருந்து ஹொப்ஸ் வந்தது. அது சேர்த்த பியர் நாட்பட இருக்கும், தூர இடங்களுக்கும் அனுப்பலாம். பெரிய கொப்பரையும் முதலும் வைத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள், சங்கங்கள் அமைத்தார்கள். 1600 அளவில் தொழில் ஆண்களுடையதாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் நெல் குற்றும் ஆலை வந்தபோது குற்றிக் கூலி வாங்கிய பெண்களுக்கு என்ன நடந்தது என்று பாட்டிமாரைக் கேட்டால் இதே கதையைத்தான் சொல்வார்கள். இந்த ஹொப்ஸ் கொடியிலும் பெண் கொடியின் பூவைத்தான் பியருக்கு எடுக்கிறார்கள் என்பது இன்னொரு விசயம்.

இலங்கை என்று சொன்னதும் சிலர் முகம் மலரும். "லயன் ஸ்ரவுட்!" என்பார்கள். மைக்கல் ஜாக்சன் என்ற பியர் எழுத்தாளர் (பாடகர் அல்லர்) அந்தக் கறுப்புப் பியரைப் புகழ்ந்து எழுதியதால் வெளிநாட்டில் அதற்குப் பெயர் இருக்கிறது. நுவரெலியா மலையில் தொடங்கிய ஆலை, இப்போது பியகமவில் இயங்குகிறது. எனது நாட்டைப் பற்றி அந்த மண்டபங்களில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, அது எப்படி இருக்கும் என்பதுதான். நான் அதை ஊரில் கண்ணாலும் கண்டதில்லை.

கொவிட் காரணமாக 2020இலும் 2021இலும் பெரும்பாலான விழாக்கள் நடைபெறவில்லை. 2022இல் மீண்டும் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைக்கு ஆட்கள் இருந்தபடியால் எனக்கு வியாழன் மதியம் கிடைத்தது. மண்டபத்தில் முப்பது பேர்கூட இல்லை. பீப்பாக்கள் அன்று காலைதான் திறக்கப்பட்டிருந்தன. எல்லாம் தெளிவு, எல்லாம் குளிர்ச்சி.

எண்பதை நெருங்கிய ஒரு அம்மா ஊன்றுகோலுடன் வந்து எங்கள் மேசை முன் கதிரையில் இருந்தார். மேசையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த காய்ந்த ஹொப்ஸ் பூவொன்றை எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். எங்கள் ஆலையில் காய்ச்சுபவர் தவிர வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கிழக்கு இலண்டனின் ஏழைக் குடும்பம் அவருடையது. ஒவ்வொரு செப்ரெம்பரும் தாயும் பிள்ளைகளும் ரயிலேறிக் கென்றுக்கு ஹொப்ஸ் பறிக்க வருவார்களாம். தகரக் கொட்டில், வைக்கோல் திணித்த மெத்தை, வெளியில் அடுப்பு. தகப்பன் வார இறுதியில் மட்டும் வந்து போவார். பறித்ததைப் புசல் கணக்கில் அளந்து ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதுவார்கள், கடைசி நாளில்தான் காசு. அளப்பவர் கூடையை அமுக்கி நிரப்பினால் தாய் சண்டைக்குப் போவாராம். கைகள் கறுத்துக் கிடக்கும், சாப்பிடும் பாணும் கைக்கும் என்றார். எனக்குப் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்த பெண்களின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. 1960களில் இயந்திரங்கள் வந்து அந்த வேலை இல்லாமல் போயிற்று.

நான் முட்டியையும் சுண்ணாம்பையும் பற்றிச் சொன்னேன். மரத்தில் எத்தனை தடவை ஏறுவார், யார் விற்பார், உன் தாய்க்குக் காசு தனியாகக் கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு எங்கள் மூன்று பியர்களையும் நான் சொன்ன ஒழுங்கில், ஒவ்வொரு வாயாகச் சுவைத்தார். இரண்டாவதைச் சுவைத்துவிட்டு, "இதில் ஹொப்ஸ் போன வருசத்தது" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

போன மாதம் ஆலையில் இந்த வருட விழாக்களுக்குப் பெயர் எழுதினார்கள். வியாழக்கிழமை மதியம் என்றால் வருவேன், சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பெயர் அட்டையில் 'தரம் பார்ப்பவர்' என்று பெரிய எழுத்தில் போடும்படியும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.