கப்பிச் சாலையில் கற்றுக்கொண்டது



முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருசக்கர வண்டி ஓட்டுகிறவன் நான். தாராவியின் சந்துகளிலும், கல்யாண், அம்பர்நாத் பகுதிகளின் நெரிசலிலும், மழைக்கால மும்பையின் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் என்னுடைய 100 சி.சி. வண்டி என்னைச் சுமந்திருக்கிறது. ஆகவே வண்டி ஓட்டுவதைக் குறித்து எவரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை என்றே எண்ணியிருந்தேன். 56ஆம் வயதில், ஜவ்ஹார் மலைப்பகுதியின் ஒரு கப்பிச் சாலையில், அந்த எண்ணம் வண்டியோடு சேர்ந்து கீழே விழுந்தது.

புனேயில் வேலை செய்யும் என் மகன் 2022ஆம் ஆண்டில், தன் சேமிப்பைக் கொண்டு யமஹா ஆர்15 என்னும் ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்கினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்தய வண்டியின் சாயலில் செய்யப்பட்டது அது. 155 சி.சி. எஞ்சின், ஆறு கியர், தாழ்ந்த கைப்பிடி, பின்னுக்குத் தள்ளிய கால்மிதி, உடலைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவசம். ஓட்டுகிறவன் வண்டியின்மேல் கவிழ்ந்து படுக்க வேண்டும்.

எனக்கு உண்டான கோபம் வெறும் கௌரவக் கோபம் அன்று. நெடுஞ்சாலையில் இத்தகைய வண்டியில் சென்று மாண்ட வாலிபர்களின் அடக்க ஆராதனைகளை நான் நடத்தியிருக்கிறேன். அவர்களுடைய தாய்மார் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்லுகிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஆனாலும் என் பயத்தைப் பயமாக நான் அவனிடம் சொல்லவில்லை. கட்டளையாகச் சொன்னேன். "அந்த வண்டி இந்த வாசலில் நிற்கக்கூடாது" என்றேன். வண்டி வரவில்லை. மெல்ல மெல்ல மகனும் வருவதை நிறுத்திக்கொண்டான். ஏழு மாதங்கள் தாயோடு மட்டும் தொலைபேசியில் பேசினான்.

2023 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. நாங்கள் முன்பு குடியிருந்த கட்டடத்தின் காவலாளி, ஜவ்ஹார் பக்கத்து வார்லி மனிதர், பக்கவாதத்தால் தம் ஊரில் படுக்கையாகக் கிடக்கிறார் என்றும், என் மகனைக் காண விரும்புகிறார் என்றும் அறிந்தோம். நானும் என் மனைவியும் வேலையாக அலைந்த நாட்களில், பள்ளிவிட்டு வரும் அவனைத் தம் அருகில் உட்காரவைத்து, வீடு திறக்கும்வரை காத்துக்கொண்டவர் அவர். மனைவி புனேக்குப் பேசினாள். சனிக்கிழமை விடியுமுன் மகன் வந்து நின்றான், அதே வண்டியில். என் வண்டியோ எஞ்சின் பிரிக்கப்பட்டு மெக்கானிக்கிடம் கிடந்தது. வேறு வழியில்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். உள்ளங்கை அகலமே உள்ள அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே அதன் வேதனை தெரியும்.

மும்பையிலிருந்து ஜவ்ஹார் ஏறக்குறைய 145 கிலோமீட்டர். மனோர்வரை நெடுஞ்சாலை, அங்கிருந்து விக்ரம்கட் வழியாக மலையேற்றம். 2014ஆம் ஆண்டு தானே மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட பால்கர் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். முன்னாளில் ஒரு சிறு சமஸ்தானத்தின் தலைநகரம். சுற்றிலும் 'பாடா' எனப்படும் ஆதிவாசிக் குடியிருப்புகள். தீபாவளி முடிந்ததும் அங்குள்ளவர்களில் பலர் பிவண்டிப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குப் பிழைக்கச் சென்று, மழைக்கு முன் திரும்புவார்கள். ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நமக்கு அவர்களுடைய நிலை புரியாததல்ல.

ஜவ்ஹாரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் தார் முடிந்தது. பெரிய ஜல்லியைப் பரப்பி, சிறு கல்லும் மண்ணும் தூவி, தண்ணீர் ஊற்றி உருளையால் அழுத்திச் செய்வதே கப்பிச் சாலை. மேலே தார் போடாமல் இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டால், இடுக்கிலுள்ள மண் கரைந்தோடிவிடும். கற்கள் கட்டுவிட்டு உருளத் தொடங்கும். ஓரங்களில் அந்த நாட்டார் 'முரூம்' என்று சொல்லும் சிவந்த சரளை. நம்முடைய பழைய தமிழிலும் பருக்கைக்கல் நிறைந்த மேட்டுநிலத்துக்கு முரம்பு என்று பெயர். சங்கப் புலவர்கள் அறிந்த சொல் அது.

ஆறு கிலோமீட்டர் இருவருமாகச் சென்றோம். அதன்பின் ஓர் ஓடை இறக்கமும் நீண்ட ஏற்றமும் வந்தன. மகன் வண்டியை நிறுத்தினான். "அப்பா, இரண்டு பேர் பாரத்தோடு இதில் ஏற முடியாது. பின்னால் பாரம் இருந்தால் முன் சக்கரம் மண்ணைப் பிடிக்காது. ஒருவர் நடக்க வேண்டும்" என்றான். எனக்கோ சர்க்கரை வியாதி. வலது குதிகாலில் ஆறிவரும் புண். கல்லின்மேல் இரண்டு கிலோமீட்டர் நடப்பது ஆகாத காரியம். அவன் ஒரு கணம் யோசித்துச் சாவியை என் கையில் கொடுத்தான். "நீங்கள் ஓட்டுங்கள், நான் நடந்து வருகிறேன்" என்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் புறப்பட்டேன்.

தெரியவில்லை என்பது ஐம்பது அடியில் தெரிந்தது. தாழ்ந்த கைப்பிடியால் உடலின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. ஒவ்வொரு கல்லிலும் முன் சக்கரம் துள்ள, நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஒரு பெரிய கல்லை விலக்க முழுவதும் திருப்பினேன். இத்தகைய வண்டிகளில் கைப்பிடி அதிகம் திரும்பாது. பதறி, திருப்பிய நிலையிலேயே முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். அதில் உண்டு, ஆனால் நடக்கிற வேகத்தில் அது வேலை செய்வதில்லை. சக்கரம் கல்லில் வழுக்கி மடங்கியது. 142 கிலோ வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். பிளாஸ்டிக் உடையும் சத்தம் அந்தப் பள்ளத்தாக்கில் நன்றாகக் கேட்டது.

மகன் ஓடிவந்தான். நான் அவனுடைய முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தேன். கவசத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. இண்டிகேட்டர் ஒன்று ஒடிந்து தொங்கியது. அவனோ வண்டியின் பக்கம் திரும்பவேயில்லை. கல்லின்மேல் மண்டியிட்டு என் ஷூவைக் கழற்றி, "கால் புண்ணில் பட்டதா அப்பா?" என்று கேட்டான்.

வாசகரே, அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, வாசலில் நின்ற என் வண்டியைத் தள்ளிப் பார்க்கப்போய்க் கீழே போட்டுவிட்டான். நான் வெளியே வந்து முதலில் பார்த்தது உடைந்த கண்ணாடியை. இரண்டாவதாகச் செய்தது அவன் கன்னத்தில் அறைந்தது. அவன் முழங்காலில் இரத்தம் வழிந்ததை மூன்றாவதாக, அவனுடைய தாய் சொல்லித்தான் பார்த்தேன். அவன் அதை மறந்திருப்பான் என்று எண்ணியிருந்தேன். மறந்தானோ இல்லையோ, எனக்கு அப்போது முழுவதும் நினைவுக்கு வந்தது. அங்கேயே, அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்தபடி, அந்நாளில் நான் செய்தது தவறு என்று அவனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்திருந்து, "எழுந்திருங்கள் அப்பா, வெயில் ஏறுகிறது" என்றான். ஆனால் அவன் குரல் மாறியிருந்தது.

பின்பு அவன் கற்பித்தான், நான் கேட்டேன். "கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலக் கைப்பிடியைப் பிடியுங்கள். உங்கள் பிடியெல்லாம் முழங்காலில் இருக்கட்டும். டாங்கியை இரண்டு பக்கமும் அணையுங்கள். இரண்டாவது கியரிலேயே ஒரே சீராக ஏறுங்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வேகம் குறைய வேண்டுமானால் ஆக்ஸிலேட்டரை மெல்ல விடுங்கள், பின் பிரேக்கை இலேசாக மிதியுங்கள். பயப்படுகிற கல்லைப் பார்க்காதீர்கள்; போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். முன் சக்கரம் இடமும் வலமும் ஆடும். ஆடட்டும். அது தானாகவே நேராகும். நீங்கள் திருத்தப் போனால்தான் விழும்."

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. முன் சக்கரம் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும்படியாகவே அது வண்டியில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஓட்டுகிறவனுடைய கைகள் விறைத்தால் அந்த இயல்பு தடைபடுகிறது. கல் கொடுக்கும் அடியெல்லாம் கைவழியாக முழு வண்டியையும் திருப்புகிறது. சரளையில் விழுகிறவர்களில் பலரைக் கற்களைவிட அவர்களுடைய இறுகிய கைகளே விழச்செய்கின்றன.

மகன் எனக்கு முன்னே நடந்து, உருளும் கற்களைக் காலால் ஒதுக்கி, நல்ல தடத்தைக் கைகாட்டினான். நான் அவன் காட்டிய வழியே ஓட்டினேன். சக்கரம் ஆடியது, விட்டுவிட்டேன், நேரானது. இரண்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேலே சேர்ந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. ஆனால் மணிக்கட்டில் வலி இல்லை.

காவலாளி பெரியவரால் பேச முடியவில்லை. இயங்குகிற ஒரு கையால் என் மகனுடைய கையைப் பிடித்தார். நாங்கள் புறப்படும்வரை விடவில்லை. ஐந்து வாரங்களுக்குப் பின் அவர் மரித்த செய்தி வந்தது. அந்தச் சனிக்கிழமை வண்டி என் வாசலுக்கு வராதிருந்தால், அவர் இவனைக் காணாமலே போயிருப்பார். வரவேண்டாமென்று சொன்னவன் நான்.

வாலிபரே, இத்தகைய வண்டியை மண்சாலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு மகன் சொல்லித்தந்த சிலவற்றைச் சொல்லுகிறேன். டயரில் காற்றைச் சற்றே குறைக்கலாம். அதிகம் குறைத்தால் கல்லில் இடித்துச் சக்கரத்தின் விளிம்பு வளையும். தார்ச் சாலைக்கு வந்ததும் மீண்டும் காற்று நிரப்புங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள ரேடியேட்டரில் கல் தெறிக்கும். முன்னே போகும் லாரியை ஒட்டிப் போகாதீர்கள். இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்காமல், கியரிலேயே இறங்குங்கள். திரும்பியதும் செயினைச் சுத்தம்செய்து எண்ணெய் இடுங்கள். தலைக்கவசத்தை ஐந்து நிமிடப் பயணத்துக்கும் அணியுங்கள். உங்கள் பெற்றோரிடம் கேட்காமல் வாங்கினாலும், ஓட்டும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. உங்கள் பயத்தைப் பயம் என்றே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நான் சொன்னேன், தாமதமாக. "உன்னை அடக்கம்பண்ணும் நாள் வந்துவிடுமோ என்று பயந்தேன்" என்றேன். "அதை அப்போதே சொல்லியிருக்கலாமே அப்பா" என்றான்.

உடைந்த கவசத்துக்கு நான் பணம் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. இண்டிகேட்டரை மட்டும் மாற்றினான். வெடிப்பு அப்படியே இருக்கிறது. இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் அந்த வண்டி எங்கள் வாசலில் நிற்கிறது. புனேயிலிருந்து அவன் புறப்பட்டேன் என்று சொன்னது முதல் வந்து சேரும்வரை என் பயம் இன்னமும் என்னோடு இருக்கிறது. ஆனால் கேட் திறக்கும் ஓசை கேட்டதும், வாசலுக்குப் போய் முதலில் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.