ஒரு ஜீப்பின் உடைமையாளர்

வாகனம் என்பது எமது சமூகத்தில் போக்குவரத்துச் சாதனம் மட்டுமன்று. சைக்கிள்காரன், மோட்டார்ச் சைக்கிள்காரன், கார்க்காரன் என்ற படிவரிசை, சாதிப் படிவரிசையோடு பின்னிப் பிணைந்து, யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்றும் நிலவுகின்றது என்பதை மறுப்பார் இலர். அப்படிவரிசையின் உச்சியில் நெடுங்காலம் வீற்றிருந்தது ஜீப். அதிலும் 'பஜிரோ' என்ற சொல் இலங்கையில் வெறும் வாகனப் பெயராக வழங்கவில்லை. அமைச்சர், மெய்க்காவலர், வீதியை விட்டு ஒதுங்கும் சனங்கள் ஆகிய யாவும் அச்சொல்லினுள் அடங்கியிருந்தன. பாராளுமன்ற உறுப்பினர் வரிச்சலுகையில் வாகனம் இறக்குமதி செய்வதற்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் வழக்கம் பல்லாண்டுகள் நிலவிய நாடு இது. அத்தகைய வாகனம் ஒன்றை எமது குடும்பம் 22 வருடங்களாக வைத்திருக்கின்றது என்றால், அதிலும் நாம் ஒரு பாடசாலை ஆசிரியர் என்றால், வாசகர்கள் புருவத்தை நெரிப்பது இயல்பே.

தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லாராய்ச்சியில் ஒரு சபலம் உண்டு. ஆகவே இதனையும் கூறிவிடுகின்றோம். பஜிரோ என்பது தென்னமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ஆபாசமான பொருளும் இருப்பதால், அம்மொழி வழங்கும் நாடுகளில் அதே வாகனம் 'மொன்ரெரோ' என்று விற்கப்பட்டது. அதிகாரத்தின் சின்னமாக இங்கே பவனிவந்த ஒன்று, பெயரைச் சொல்லவே கூசும் பொருளாக வேறோரிடத்தில் இருந்தமை எமக்குச் சிறு மகிழ்ச்சி தருவதுண்டு.

வாகனத்தை வாங்கியவர் எமது பெரியப்பா. கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராயிருந்து ஓய்வுபெற்றவர். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி முகமாலையூடாகத் திறக்கப்பட்டபின், 2003இல் கொழும்புக்குச் சென்று, 1989ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஐந்து கதவு டீசல் பஜிரோ ஒன்றை அவர் வாங்கிவந்தார். ஏழு ஆசனங்கள்; 2477 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரம். பணத்தின் பெரும்பகுதி ரொறன்ரோவிலிருந்து அவருடைய இரு புதல்வர்கள் அனுப்பியது. இரு தரப்புச் சோதனைச்சாவடிகளையும் தாண்டி நெல்லியடிக்கு அது வந்துசேர்ந்த இரவு எமது வளவில் நின்ற கூட்டத்தை இன்னும் நினைவிருக்கின்றது. அப்போது நாம் பத்தாம் வகுப்பு மாணவர். மறுநாளிலிருந்து எமது வீடு 'பஜிரோ வீடு' ஆயிற்று. கலியாணங்களுக்கு மாப்பிள்ளை ஏற்றவும், தேர்த்திருவிழாவுக்கு வெளிநாட்டு விருந்தினரைக் கூட்டிச்செல்லவும் கேட்டு வந்தோர் பலர். அந்த முதலாவது ஆண்டைப் பற்றி எழுத அதிகமில்லை. பெருமைக்கு வாங்கிய பொருள் பெருமையையே ஈட்டித் தந்தது.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் புகுந்தது. வடமராட்சி கிழக்கின் மணற்பாதைகளை அறிந்தவர்களுக்கு அன்று நிலைமை எவ்வாறிருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. வான்களின் சில்லுகள் மணலிற் புதைந்தன. நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் வாகனமே உள்ளே போய் மீள முடிந்தது. பெரியப்பா ஓட்டினார், பின்னாசனங்களை மடித்துவிட்டு நாமும் அயலவர் இருவரும் ஏறிக்கொண்டோம். மணற்காட்டுப் பக்கமிருந்து மந்திகை வைத்தியசாலைக்கு அன்று எத்தனை தடவை போய்வந்தோம் என்பதை எண்ணவில்லை. முதற் தடவைகளில் ஏற்றியவர்கள் முனகிக்கொண்டிருந்தனர். பிற்பகலில் ஏற்றியவர்களிடமிருந்து ஒலி எதுவும் வரவில்லை. ஒரு வாரத்தின்பின் பெரியப்பா பின்னாசனங்களைக் கழற்றி வளவின் மூலையிற் போட்டுவிட்டு, இரு பக்கமும் பலகை வாங்குகள் அடித்தார். காரணம் கேட்டவர்களுக்கு, "கழுவலாம்" என்று மட்டும் கூறினார். அதன்பின் மாப்பிள்ளை ஏற்ற யாரும் கேட்டு வரவில்லை.

2006 ஆகஸ்டில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. யாழ்ப்பாணம் கப்பலையும் விமானத்தையும் நம்பிய தீவாயிற்று. டீசல் கைக்கெட்டாத பொருளாயிற்று. மூன்று வருடங்களுக்கு மேலாக மாமரத்தின் கீழ் வாகனம் நின்றது. சாரதி ஆசனத்தில் ஒரு கோழி இரு தடவை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடை நிலவியபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் முடுக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய திறமை எம்மவருக்கு உண்டு. ஆனால் வீதிகளில் ஊரடங்கும் வாகனங்களைப் பற்றிய அச்சமும் ஆட்சிசெய்த அவ்வருடங்களில், ஓட்டுவதற்கு எரிபொருள் இருந்தாலும் ஓட்டிச்செல்ல இடமிருக்கவில்லை.

ஒரு வாகனத்தை நெடுங்காலம் வைத்திருத்தல் என்பதன் பொருள் யாதென்பதை நாம் கற்றது 2010இல் அதனை மறுபடியும் கிளப்ப முயன்றபோதுதான். அதுவரை அது பெரியப்பாவின் வாகனம். அதன்பின் அது ஊரிலுள்ள மெக்கானிக் அண்ணையின் வாகனம் என்பதே உண்மைக்குக் கிட்டியது. கடற்காற்றின் உப்பு தகரத்தை அரித்திருந்தது. கதவுகளின் அடிப்பாகமும் சில்லுகளுக்கு மேலுள்ள தகடுகளும் கறள் பிடித்து, தொட்டால் உதிரும் நிலையிலிருந்தன. பின் வில்லுத் தகடுகளில் இரண்டு முறிந்திருந்தன. அண்ணை நாற்பது நாட்கள் அதனோடு மல்லுக்கட்டினார். தேவையான உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சென்று, குவியல் குவியலாகக் கிடக்கும் இரும்புக்குள் தேடி எடுத்துவந்தார். அவர் எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். எனினும், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோயைக் கூறும் அறிவு, நாம் பல்கலைக்கழகத்தில் இலக்கணக் குறிப்பு எழுதப் பெற்ற அறிவுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

இவ்வியந்திரத்திலே ஒரு வாருண்டு. பல்லுப் போட்ட றப்பர் வார். டைமிங் பெல்ற் என்பார்கள். உருளைத்தண்டு மேலும் கீழும் ஓடுவதையும் வால்வுகள் திறந்து மூடுவதையும் ஒரே தாளகதியில் வைத்திருப்பது அதுவே. அருகே இன்னொரு சிறிய வாரும் உண்டு. அது அதிர்வைக் குறைக்கும் தண்டுகளைச் சுழற்றுவது. பெரிய வார் அறுந்தால் தாளம் குலைந்து உருளையும் வால்வும் மோதும். மேலேயுள்ள நெம்புகள் முறியும். சிறியது அறுந்தாலும் அதன் துண்டு பெரியதற்குள் சிக்கி அதே கதியை உண்டாக்கலாம். ஆகையால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றவேண்டும்; ஓடிய தூரம் ஏறக்குறைய 90,000 கிலோமீற்றருக்கு வருமுன்பே மாற்றவேண்டும். "சத்தம் போட்டு எச்சரிக்கிற சாமான் இல்லைத் தம்பி இது. ஒருநாள் பேசாமல் அறும், அறுந்தால் இயந்திரத்தைத் திண்டிட்டுத்தான் நிக்கும்" என்பார் அண்ணை. கடைசியாக 2016இல் மாற்றினோம். தூரக் கணக்கில் இன்னும் மீதியிருக்கலாம். ஆனால் றப்பர் தூரத்தினால் மட்டுமன்றி வயதினாலும் கெடும்.

செலவைப் பற்றியும் ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு லீற்றர் டீசலுக்கு எட்டுக் கிலோமீற்றர். வருடந்தோறும் புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், ரயர், பற்றரி. ஆசிரியச் சம்பளத்தில் இதனைச் சுமப்பது எளிதன்று. பாடசாலைக்கு நாம் மோட்டார்ச் சைக்கிளிலேயே செல்கின்றோம். இரவில் பாம்பு கடித்தவர், பிரசவ வேதனைப்பட்டவர், மழைவெள்ளத்தில் அகப்பட்டவர் என்று யாராவது வந்து படலையைத் தட்டும்போதே வாகனம் வெளியே போகும். தட்டியவர்களிற் பெரும்பாலோர் டீசலுக்குப் பணம் தந்துவிட்டே போவர். தராதவர்களிடம் கேட்கும் வழக்கம் பெரியப்பா காலத்திலிருந்தே இல்லை.

பெரியப்பா 2017இல் காலமானார். வாகனப் புத்தகம் அவர் பெயரிலேயே இருந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. புதியன வராததால் பழையவற்றின் விலை ஏறியது. 2021இல் ஒரு வியாபாரி வந்து, பெரியப்பா கொடுத்ததைப்போல மூன்று மடங்கு தருவதாகக் கூறினார். ரொறன்ரோவிலிருந்து சின்னண்ணை தொலைபேசியில், "வித்துப்போடுங்கோ, இப்ப விட்டால் பிறகு இந்த விலை வராது" என்றார். பெரியண்ணை ஒன்றும் சொல்லவில்லை. விற்பனை அப்போது நடவாமற் போனதற்குக் காரணம் எமது கொள்கையுறுதி அன்று. வியாபாரி கறளைக் கண்டு விலையை இறக்கியதே.

அடுத்த வருடம் நாடு வங்குரோத்தாயிற்று. 2021 டிசம்பர் இறுதியில் 121 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் அது கிடைக்கவில்லை. நாட்கணக்கில் வரிசை நின்றது. அதற்கிடையில் மே 23ஆந் திகதி, பிற்போடப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரணதரப் பரீட்சை தொடங்கியது. மறுநாட் காலை டீசல் 400 ரூபாவுக்கு ஏறியது. எமது மாணவர்களுக்குப் பரீட்சை நிலையம் 12 கிலோமீற்றர் தூரம். பஸ் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. பன்னிரண்டு கிலோமீற்றரை வெயிலில் சைக்கிள் மிதித்துவிட்டு, மூன்று மணிநேரம் கணிதம் எழுதும் பிள்ளையையும், தகப்பனின் காரில் வந்திறங்கிய பிள்ளையையும் ஒரே வினாத்தாள் சமமாக மதிப்பிடுகின்றதாம்.

பெற்றோர்கள் கூடினர். தோட்டக்காரர், மீன்பிடிகாரர், இறால் பண்ணையில் கூலிவேலை செய்வோர், ஒரு தையற்காரப் பெண். போய்வர 24 கிலோமீற்றர். நாளொன்றுக்கு மூன்று லீற்றர். உழவு இயந்திரத்துக்கென்று ஒளித்து வைத்திருந்ததையும், வள்ளத்துக்கென்று சேர்த்ததையும் போத்தல்களில் கொண்டுவந்தனர். டீசல் இல்லாதவர்கள் வரிசையில் நின்று தரும் பொறுப்பை ஏற்றனர். தையற்காரப் பெண் இரண்டு இரவு வரிசையிலேயே படுத்திருந்தார். யார் எத்தனை போத்தல், யார் எத்தனை மணிநேரம் என்று ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதிவைத்தோம். பலகை வாங்குகளில் 13 பிள்ளைகள் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து பரீட்சை முடியும்வரை போய்வந்தனர். யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்ற கேள்வியே எழவில்லை. எழுந்திருந்தாலும் இடமிருக்கவில்லை.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இனி விலை விழும், விற்பதென்றால் இப்போதே என்று சின்னண்ணை மறுபடியும் கூறினார். இவ்வாதத்தைப் பணத்தாசை என்று தள்ளிவிடுவது எளிது; ஆனால் அது நேர்மையன்று. அந்தப் பணம் ரொறன்ரோவில் இரவு வேலையில், குளிரூட்டிய களஞ்சியங்களில் பெட்டி தூக்கிச் சம்பாதித்தது. உழைப்பே உடைமைக்கு ஆதாரம் என்று நாம் வகுப்பறைக்கு வெளியே பேசுவோமாயின், அந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். மெக்கானிக் அண்ணையின் நாற்பது நாட்களையும், தையற்காரப் பெண்ணின் இரண்டு இரவுகளையும் அதே கணக்கில் சேர்த்தால் வாகனப் புத்தகத்தில் பெயரெழுத இடம் போதாது. இவ்வண்டியைச் செய்த உழைப்பாளரோ எந்தக் கணக்கிலும் இல்லை. நெடுங்காலம் பஜிரோக்கள் செய்யப்பட்ட, ஜப்பானின் கிஃபு மாகாணத்திலுள்ள சகாஹோகி ஆலை 2021 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது.

ஊர்ச் சனசமூக நிலையத்தில் நாம் ஒரு யோசனையை முன்வைத்தோம். மதிப்பிட்ட விலையில் அண்ணன்மாரின் பங்கைச் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்து, வாகனத்தை நிலையத்தின் பொதுவுடைமையாக்கலாம் என்பதே அது. காப்புறுதிக்கு யார் பொறுப்பு, விபத்து நேர்ந்தால் யார் நீதிமன்றம் போவது என்ற கேள்விகள் வந்தன. அவை நியாயமான கேள்விகள். பின்னர் ஒருவர், மிக மரியாதையான தமிழில், "பொது வாகனம் என்றால் எல்லா ஆக்களும் ஏறுவினம்தானே?" என்று கேட்டார். 'எல்லா ஆக்களும்' என்பதில் அவர் கொடுத்த அழுத்தம் அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. அவருடைய பேத்தி அந்தப் பதின்மூன்று பிள்ளைகளில் ஒருத்தி. கரையோரப் பிள்ளைகள் நால்வருடன் தோளுரச இருந்து பரீட்சைக்குப் போனவள் அவள். "ஏறினவைதானே, ஐயா" என்று தையற்காரப் பெண் பதில் கூறினார். கூட்டம் தீர்மானமின்றிக் கலைந்தது.

பெரியண்ணை நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பேசித் தீர்ப்போம் என்று அறிவித்திருக்கின்றார். அதுவரை வார் பொறுக்காது என்பது மெக்கானிக் அண்ணையின் முடிவு. பெரியதும் சிறியதுமாக இரண்டு பெல்ற்றுகளுக்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்திருக்கின்றோம். பணத்துக்காக அந்தப் பரீட்சைக் கொப்பியின் மிகுதித் தாள்களில் மறுபடியும் பெயர்கள் எழுதப்படுகின்றன. இதுவரை ஒன்பது பெயர். ஒன்று அந்தப் பேத்தியுடையது.