எங்கள் வேன் யாருடைய பெயரில்?

வாகனம் வாங்குவது ஆண்களின் விடயம் என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். ஆனால் அதற்காகக் கழற்றப்படுவது நமது காப்புகள். ஏறி இறங்கச் சிரமப்படுவதும் நமது உம்மாமாரும் பிள்ளைகளும்தான். ஆகவே எங்கள் குடும்பம் ஒரு வேன் வாங்கிய கதையைச் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எனது ஊர் மருதமுனை. 1990 இல் வியாபாரத்துக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. கைத்தறி நெய்துதான் மூன்று பெண் பிள்ளைகளையும் வளர்த்தேன். 2012 இல் ஒரே வளவுக்குள் உம்மா, நான், மூன்று மகள்மார், இரண்டு மருமக்கள், ஐந்து பேரப்பிள்ளைகள் என்று 12 பேர் இருந்தோம்.

அந்த வருடம் ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு, சுனாமி எச்சரிக்கை விடுத்தார்கள். 2004 ஐக் கண்ட சனம் வீட்டில் நிற்குமா? எல்லோரும் கிட்டங்கிப் பக்கமாக ஓடினார்கள். நடக்க இயலாத உம்மாவை ஏற்ற ஓர் ஓட்டோவும் நிற்கவில்லை. மூத்த மருமகன் மோட்டார் சைக்கிளில் உம்மாவை நடுவில் இருத்தி, பின்னால் மகள் பிடித்துக்கொள்ளக் கொண்டு போனார். கடல் வரவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒன்றாக ஏறக்கூடிய வாகனம் வேண்டும் என்று அன்றிரவே பேசி முடிவெடுத்தோம்.

மருமக்கள் முதலில் டவுன் ஏஸ் பார்த்தார்கள். சிறியது, எங்கள் ஒழுங்கைகளில் திருப்ப இலகு. ஆனால் எட்டுப் பேர்தான் வசதியாக இருக்கலாம். மிச்சம் நான்கு பேர் யார்? ஆபத்து நேரத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. அதனால் நம்மவர்கள் ‘டொல்பின்’ என்று சொல்லும் பழைய டொயோட்டா ஹை ஏஸைத் தேடினோம். ஜப்பானிலும் வாகனங்கள் நம் நாட்டைப் போல இடப்பக்கமாகவே ஓடுவதால், அங்கு பாவித்த வேன்கள் ஸ்டியரிங்கை மாற்றாமலே இங்கு ஓடுகின்றன.

பார்க்கப் போகும்போது உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். படி உயரமாக இருந்த ஒரு வேனில் அவரால் ஏற முடியவில்லை, அதை விட்டோம். இன்னொன்றில் காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. உப்புக் காற்றில் நின்ற வாகனத்துக்கு மேலே புதுப் பெயின்ற் அடித்தாலும் கீழே உண்மை தெரியும். மூன்றாவது வேனைக் கராஜ்காரர் பார்த்துச் சரி என்றார். சறுக்குக் கதவைப் பிள்ளைகள் உள்ளிருந்தே திறக்க முடிந்தது.

காசு எனது சீட்டும் இரண்டு மகள்மாரின் காப்புகளும். பெயர் மாற்றும் நேரம் மூத்த மருமகன், “மாமி, உங்களுக்கு ஓட்டத் தெரியாதே, பெயர் எதற்கு?” என்றார். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணமில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு சகோதரியின் நகையில் வாங்கிய வேன், நானா பெயரில் இருந்ததால் அவருக்குத் தெரியாமலே விலைபோனது. நான் சொன்னேன்: “மகன், இந்த வீட்டை எனது உம்மா எனக்கு எழுதித் தந்தார். அதில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம். யாருக்கும் குறை வரவில்லையே.” அவர் சிரித்துவிட்டார். வேன் எனது பெயரில் பதிவானது, ஓட்டுவது அவர்.

2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, அடையாள அட்டை இலக்கமும் வாகனத்தின் சேஸி இலக்கமும் கேட்டார்கள். இரண்டும் என் கையிலேயே இருந்தன.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. புதிதோ பழையதோ, வாங்கும் சகோதரிகள் மூன்று விடயங்களை மறக்க வேண்டாம். வீட்டில் ஆக இயலாதவரை ஏற்றிப் பாருங்கள். ‘ஓப்பின் பேப்பரில்’ வாங்காமல் உடனே பெயர் மாற்றுங்கள். லீசிங் என்றால், கடன் தீரும்வரை முழு உரிமை கம்பனிக்கே. கடைசித் தவணை கட்டியதும் அந்தப் பதிவை நீக்கிக் கொள்ளுங்கள். காப்பைக் கழற்றிக் கொடுக்கும்போதே, பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் என்று வாய் திறந்து கேளுங்கள்.