அம்மா கேட்ட ஜன்னல்

நியூ ஜெர்சியின் மோரிஸ் பிளெய்ன்ஸில் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு ஜன்னல். படித்த பள்ளி, ரயில் நிலையம், அப்பாவோடு போன நூலகம் எதிலும் கால் நிற்கவில்லை. கிரேஸ்டோன் பார்க் மனநல மருத்துவமனையின் பழைய கட்டடத்தை 2015 ஏப்ரலில் இடிக்கத் தொடங்குவார்கள் என்றார்கள். எழுபதுகளில் அம்மா அங்கே நர்ஸ். இப்போது மதுரையில், முழங்கால் வலியோடு. அம்மா கேட்டது இவ்வளவுதான்: "பொம்பளைங்க வார்டு வராந்தா முடியிற எடத்துல ஒரு பெரிய ஜன்னல் இருக்கும். அது இருக்கான்னு பாத்துட்டு வா."

மாலை மாத்திரை கொடுத்து முடித்ததும் அந்த ஜன்னலடியில்தான் அம்மா நோயாளிகளுக்குத் தலை வாரிவிடுவார். ஒரு மூதாட்டி யாரிடமும் பேசமாட்டாராம். சீப்பை மட்டும் நீட்டுவாராம்.

நியூ ஜெர்சி மாநிலம் 1876இல் திறந்த கட்டடம் அது. தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைட் என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி கட்டியது. நடுவில் நிர்வாகப் பகுதி. இரு பக்கமும் வார்டுகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுப் பின்தள்ளி. அப்படிக் கட்டினால் எல்லா வார்டுக்கும் வெயிலும் காற்றும் வரும். ஜன்னலில் சிறைக்கம்பி தெரியக்கூடாது, சட்டத்தையே இரும்பில் செய்து மரம்போல வண்ணம் பூசுங்கள் என்றவர் கிர்க்பிரைட். மனம் நொந்தவருக்குக் கட்டடமே மருந்தாக வேண்டும் என்று நம்பினார்.

உள்ளூர் நண்பர் ஒருவர் வழிகாட்ட, உள்ளே போனேன். சுவரின் பச்சை வண்ணம் அப்பளம்போலச் சுருண்டு தரையெங்கும் கிடந்தது, மிதித்தால் நொறுங்கியது. இங்கே வந்த படக்காரர்கள் சிலர் சக்கர நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துவைத்துப் பயமுறுத்தும் படம் எடுத்தார்கள். பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். அதில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு முகம் இருந்தது, காத்திருந்த வீடு இருந்தது. பாடகர் வுடி கத்ரி 1956 முதல் 1961 வரை இந்த மருத்துவமனையில் இருந்தார். இளைஞரான பாப் டிலன் அவரைத் தேடி வந்தார். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் தாயும் இங்கே இருந்தவர். ஊருக்குத் தெரிந்த பெயர்கள் இவை. சீப்பை நீட்டிய மூதாட்டியின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஜன்னல் இருந்தது. கண்ணாடிகள் பாதி உடைந்திருந்தன. கேமராவை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு இறக்கினேன். நின்று பார்த்தபோது முள்வேலியும் சாலையும் தெரிந்தன; உட்கார்ந்து பார்த்தால் மரங்களின் தலையும் வானமும் மட்டும். அந்த உயரத்திலேயே எல்லாப் படங்களையும் எடுத்தேன்.

கிர்க்பிரைட் முதலில் ஒரு மருத்துவமனைக்கு 250 பேர் போதும் என்றிருந்தார். 1953இல் கிரேஸ்டோன் வளாகத்தில் 7,600 பேருக்கு மேல். வெயிலுக்காக விட்டிருந்த இடத்திலெல்லாம் கட்டில் வந்தால் எந்த ஜன்னல்தான் என்ன செய்யும்? பிறகு மருந்துகள் வந்தன, நோயாளிகள் குறைந்தார்கள், 2008இல் பக்கத்திலேயே புது மருத்துவமனை திறந்தது. பழையதை மீட்டுப் பயன்படுத்தலாம் என்று ஊர்க்காரர்கள் போராடினார்கள். மாநிலம் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து இடிப்பதென்று முடிவெடுத்தது. மலிவென்று சொல்லவும் வழியில்லாத முடிவு.

படங்களைப் பார்த்த அம்மா, "வெளிச்சம் அப்பவும் இப்படித்தான் விழும்" என்றார். பிறகு, அந்த வார்டில் யார் யார் எங்கே படுத்திருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். எழுதிக்கொண்டேன். அவ்வாண்டு அக்டோபருக்குள் கட்டடம் தரைமட்டமானது. சித்தம் கலங்கியவருக்கும் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஓர் அரசு கல்லில் எழுதிவைத்த வாக்குறுதி அது. கூட்டத்தை உள்ளே திணித்து அதை முறித்தவர்கள் மனிதர்கள். தண்டனை மட்டும் கல்லுக்குப் போனது.