குளிரிலிருந்து இறைக்கும் வெப்பம்

கடலூரில் பிறந்து, சிதம்பரத்தில் அரபியும் தமிழும் கற்பித்து வாழ்பவனுக்கு, வீட்டைச் சூடாக்குவது பற்றிய கவலை எழ நியாயமில்லை. மார்கழி விடியலில் வெப்பமானி 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே நாம் போர்வை தேடுகிறோம். என் மகளோ கனடாவின் ஒட்டாவா நகரில் குடியிருக்கிறாள். அங்கே ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி வரை குளிர் இறங்குவதுண்டு. கைக்குழந்தை உள்ள வீடு. இருந்த எரிவாயு உலை இன்னொரு குளிர்காலம் தாங்காது என்றாகிவிட்டது. "வாப்பா, ஹீட் பம்ப் வைக்கலாம் என்கிறார் அவர். வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்குமாம். அந்தக் குளிரில் எடுக்க வெப்பம் ஏது?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

அரபியில் இதனை 'மிளக்கத்துன் ஹராரிய்யா' என்பர். நீரிறைக்கும் பொறிக்குரிய சொல்லே வெப்பத்துக்கும் ஆளப்பட்டுள்ளது. பொருத்தமான பெயர்தான். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டபோது, அவரும் ஏற்றத்தையே உவமை காட்டினார். ஏற்றக்காரன் நீரை உண்டாக்குவதில்லை. கீழே கிடப்பதை மேலே கொணர்கிறான். வெப்பம் அறவே அற்ற நிலை பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியில்தான் வருகிறது. ஆகவே ஒட்டாவாவின் கொடுங்குளிரிலும் கிணறு வற்றிவிடவில்லை; நீர்மட்டம் ஆழத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி அளவிலேயே கொதிக்கும் ஒரு திரவம் இங்கே சால். அது வெளிக்குழாயில் காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. அழுத்தியால் நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. வீட்டினுள் மீண்டும் திரவமாகி அவ்வெப்பத்தை இறக்கி வைக்கிறது. நம் வீட்டு ஏர்கண்டிஷனரும் இதே பொறிதான். அது உள்வெப்பத்தை வெளியே இறைக்கிறது.

இதில் ஆதாயம் என்ன என்பதற்கு நெய்வேலியைக் காண்க. அங்கே எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அம்மின்சாரத்தைக் கம்பிச் சுருளில் செலுத்தினால் ஒன்றுக்கு ஒன்றுதான் வெப்பம் கிடைக்கும். இறைக்கும் பொறியோ, மிதமான குளிரில் ஒன்றுக்கு மூன்றுக்கு மேலும் கொடுக்கும்.

ஆனால் கிணறு ஆழமாக ஆழமாக ஏற்றக்காரன் களைப்பான் அன்றோ? பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் ஒன்றுக்கு இரண்டளவே கிடைக்கும். 25 டிகிரியில் அதனினும் குறையும். வீட்டின் தேவை உச்சத்தில் நிற்கும் இரவில்தான் பொறியின் வலிமை தேய்கிறது. விற்பனைத்தாளில் கொட்டை எழுத்தில் உள்ள அளவோ, பூஜ்யத்துக்கு மேலே 8 டிகிரியில் கண்ட அளவு! எனவே, கடுங்குளிரில் எவ்வளவு வெப்பம் தரும் என்று எழுத்தில் கேட்டு வாங்கும்படி மருமகனிடம் சொன்னேன். குளிர்நாடுகளுக்கென்றே, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் அழுத்தியுடன் செய்த பொறிகள் உள்ளன. நார்வே நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இத்தகைய பொறிகளை நம்பியிருக்கின்றன. 1956 முதல் ஈழத்தமிழர் குடியேறிய நாடு அது, அவர்களிடமே கேட்டறியலாம்.

பொருத்த வந்தவர், உள்ளதில் பெரியதை வைத்துக்கொள்ளச் சொன்னாராம். இதை நான் ஏற்கவில்லை. வரப்பில் நண்டுவளை இருக்க, ஏற்றத்தைப் பெரிதாக்குவானா உழவன்? முதலில் பரணிலும் சன்னல் இடுக்கிலும் வெப்பம் கசிவதை அடைக்க வேண்டும். பிறகு அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டுப் பொறியைத் தேர வேண்டும். அளவுக்கு மீறிய பொறி மிதமான நாட்களில் நின்று நின்று ஓடித் தேயும். நிலத்தைத் துளைத்துக் குழாய் இறக்கினால் குளிர்காலம் முழுவதும் கிணறு ஆழமாகாதுதான். ஆயினும் துளையிடும் செலவு அவர்கள் சக்திக்கு மீறியது.

என்னை உறங்கவிடாதது வேறொன்று: மின்சாரம் நின்றால்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கிய பின்னர் நாம் இருளில் கிடந்த நாட்களை யார் மறப்பர்? நாம் வியர்த்துக் கிடந்தோம். அங்கே விறைத்துப் போக வேண்டியதுதான். 1998 ஜனவரியில் பனிக்கட்டி மழையால் ஒட்டாவாப் பகுதியிலும் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல வீடுகள் நாட்கணக்கில் இருண்டு கிடந்தன. எரிவாயு உலையும் அப்போது கைகொடுக்காது. அதன் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும் என்று மகள் சொன்னபோதுதான் பொறியின் மீதிருந்த என் ஐயம் தீர்ந்தது. கூடத்து விறகடுப்பை மட்டும் அகற்றவேண்டாம் என்றேன். புகைபோக்கியைத் துப்புரவு செய்து வைத்திருக்கிறார்கள்.

பரண் அடைப்பு சென்ற மாதம் முடிந்தது. அதன்பின் கணக்கிட்டதில், முதலில் சொன்னதைவிடச் சிறிய பொறியே போதும் என்று வந்ததாம். மிகக் கடிய இரவுகளுக்குத் துணையாக ஒரு மின்சுருளும் உண்டு. வெளிப்பெட்டி பனிக்குவியலில் புதையாதிருக்க இரும்புக் கால்கள் செய்வித்திருக்கிறார் மருமகன். அவை இடுப்பளவு உயரம் இருக்கும் என்கிறாள் மகள்.