உப்பிடுமுன் உற்றுநோக்கு

மத்திய அந்தமானில், ரங்கத் பகுதியின் ஏரட்டா படகுத்துறையிலிருந்து கடல்வழியே சென்றடைய வேண்டிய சிறு தீவு லாங் ஐலண்ட். தமிழாசிரியராகப் பணியமர்த்தப்பட்டு இங்கு வந்த நான், மழைக்காலத்தில் இத்தீவில் நடைபெறும் ஒரு போரைக் கண்டேன். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மாலையில் நட்ட பப்பாளிக் கன்று காலையில் வெறுந்தண்டாய் நிற்கும். கீரைப் பாத்தியில் இலையே இராது. ஆகவே, இருட்டியதும் கைவிளக்கும் உப்புப் பொட்டலமுமாகச் சிறுவர்கள் தோட்டத்தில் இறங்குவர். கண்ணில் பட்ட ஒவ்வொரு நத்தையின்மீதும் உப்பு விழும்.

இப்போருக்குக் காரணம் ஆப்பிரிக்கப் பெரு நத்தை. இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847-இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து இதனைக் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார். அங்கே தோட்டத்தில் விடப்பட்ட நத்தைகள் பெருகிப் பரவின. அந்தமானுக்கு இது வந்தது இரண்டாம் உலகப்போரின்போது. 1942 முதல் 1945 வரை இத்தீவுகளைத் தம் வசம் வைத்திருந்த ஜப்பானியர், உணவிற்காக இதனைக் கொண்டுவந்தனர் என்பர். ஒருமுறைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடிய இந்நத்தைக்கு ஈர மண்ணும் இளந்தளிரும் நிறைந்த தீவு நல்ல இடமாயிற்று.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இரண்டு நத்தைகளைக் கண்ணாடிப் புட்டியில் இட்டுக் கொண்டுவந்தாள். “ஐயா, இரண்டும் நத்தைதானே? இரண்டுக்கும் உப்பிடலாமா?” என்று கேட்டாள். அறிவியல் ஆசிரியரிடம் கேள் என அனுப்பியிருக்கலாம். ஆயினும், பெயரைப் பற்றிய வினா தமிழாசிரியனுக்கும் உரியதே. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுத்தார். அவற்றுள் நத்தையை ‘நந்து’ என்னும் பெயரால் ஈரறிவுயிர்களுள் வைத்தார். உற்றுநோக்கி, ஒற்றுமை வேற்றுமை கண்டு, இனம்பிரிப்பது நம் மொழிக்குப் புதிதன்று.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம். முதல் நத்தையின் ஓடு நீண்ட கூம்பு வடிவினது, பழுப்பு நிறத்தில் நெடுங்கீற்றுகள் கொண்டது, சுற்றுகள் ஏழு. தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள்; நீண்ட இணையின் நுனியில் கண்கள். இரண்டாவது நத்தையின் ஓடோ தாழ்ந்து உருண்டது. அதன் வாய் ஏறத்தாழ முழுவட்டம். அடியில் தொப்புள் போன்ற குழி. ஓர் இணைக் கொம்புகளே இருந்தன. கண்கள் நுனியில் இல்லை, கொம்பின் அடியில் இருந்தன. புட்டியைச் சற்று அசைத்தவுடன் அது உள்ளிழுத்துக்கொண்டது. வாயை வட்டமான மூடி ஒன்று அடைத்தது.

“வெயிற்காலத்தில் பெரிய நத்தையும் வாயை மூடிக்கொள்கிறதே?” என்றாள் மாணவி. நல்ல வினா. பெரு நத்தை மூடிக்கொள்வது, தான் சுரக்கும் சளி உலர்ந்த படலத்தால். மழை வந்ததும் அதனை நீக்கிவிடும். இரண்டாவதன் மூடியோ காலின் பின்புறத்தில் ஒட்டி வளர்வது. வாழ்நாள் முழுவதும் உடன் இருப்பது.

இரண்டும் மெல்லுடலிகள் என்னும் தொகுதியையும் வயிற்றுக்காலிகள் என்னும் வகுப்பையும் சேர்ந்தவை. அதன்பின் வழிகள் பிரிகின்றன. முதலாவது லிசாகேட்டினா பேரினத்தில் ஃபுலிகா என்னும் சிற்றினம். இரண்டாவது, மூடியாலும் கண்ணின் இடத்தாலும் சைக்ளோஃபோரிடே என்னும் குடும்பத்தது. அந்தமான் காடுகளில் நெடுங்காலமாக வாழும் நத்தைக் குடும்பம் அது. நும் பாட்டனார் ஊர் நெல்வயலில் வாழும் வயல் நத்தைக்கும் இவ்வாறே மூடி உண்டு. உறவுமுறையில் இக்காட்டு நத்தைக்கு நெருங்கியது, ஒரே தோட்டத்தில் ஊரும் பெரு நத்தையன்று. கடலுக்கு அப்பால் உள்ள வயல் நத்தையே.

இதில் வியப்பு ஒன்றுண்டு. கல்கத்தாவிற்குப் பெரு நத்தையைக் கொண்டுவந்த அதே பென்சன், 1860-இல் அந்தமானின் நிலநத்தைகள் சிலவற்றை அறிவியல் உலகிற்கு விவரித்து எழுதினார்.

மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வெளியிலிருந்து வந்தது என்பதற்காகவா அதனைக் கொல்கிறோம்? நாமும் வந்தவர்கள்தானே?” என்றாள். வருவது குற்றமன்று அம்மா. அந்நத்தை தானாகவும் வரவில்லை. அது பயிரை அழிப்பதாலும், மூளையுறையைத் தாக்கும் நுண்புழுவைச் சுமக்கக் கூடியது என்பதாலுமே அதனைக் கட்டுப்படுத்துகிறோம். மனிதர்க்கு அறியும் ஆற்றல் உண்டு. வந்த இடத்தில் முன்பே வாழும் உயிர்களின் பெயரைக் கேட்டறிந்து, அவற்றுக்கு இடம்விட்டு வாழலாம் என்றேன். மூடி நத்தையை அவளே காட்டோரத்து இலைச்சருகில் விட்டுவந்தாள்.

நீங்களும் நத்தையைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஓட்டின் வடிவம், வாயின் வடிவம், கண்களின் இடம், மூடி ஆகிய நான்கையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால், 1977 முதல் போர்ட் பிளேரில் இயங்கிவரும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல மையத்திற்கு ஆசிரியர் துணையுடன் எழுதிக் கேளுங்கள். அதுவரை உப்புப் பொட்டலம் சமையலறையிலேயே இருக்கட்டும்.